தட்டுக்காரரின் காது

பேருந்துப் பணிமனையில் எல்லாரும் அவரைத் தட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயருக்கு வேலை இருக்கவில்லை. கையில் ஒரு சின்னச் சுத்தியல், சட்டைப் பையில் நாலைந்து சாக்பீஸ், நெற்றியில் பட்டை போட்டுக் கட்டிய விளக்கு. இவற்றோடு காலையில், வண்டிக்கு அடியில் நின்று பார்க்க வெட்டிய குழிக்குள் இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் தலையை வெளியே நீட்டுவார்.

கடல் இரண்டு தெரு தள்ளி இருந்தது. அந்தக் காற்றில் மனுஷனுக்கு வயசாவதற்குள் வண்டிக்கு வயசாகிவிடும். எண்பத்து நாலு பேருந்துகள். ஒவ்வொன்றையும் வருஷத்துக்கு இரண்டு முறை குழிமேல் நிறுத்தி, அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காய விட்டு, துரு பார்க்க வேண்டும். மேலே பெயின்ட் மினுமினுவென்று இருக்கும். ஏறுகிற பயணிக்கு வண்டி நேற்றுதான் கம்பெனியிலிருந்து வந்த மாதிரி தெரியும். அடியில் குறுக்குச் சட்டத்தின் உள்புறம் இரும்பு, கருகின காகிதம் போல ஏடு ஏடாக உதிர்ந்து கிடக்கும். கண்ணுக்கு அது தெரியாது. தட்டித்தான் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு ‘ணங்’ என்று பதில் சொல்லும். உள்ளே அரித்த இரும்பு ‘தொப்’ என்று வாயை மூடிக்கொள்ளும். ‘தொப்’ கேட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். பின்னால் வருகிறவர்கள் அந்த வட்டத்தைச் சுரண்டி, வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, துருவைத் தடுக்கும் செம்பூச்சு அடித்து, அதன்மேல் தார் மாதிரிக் கறுப்புப் பூச்சை அப்புவார்கள்.

மற்றவர்கள் பத்து இடத்தில் தட்டுகிற நேரத்தில் அவர் நாற்பது இடத்தில் தட்டிவிடுவார். ‘ணங்’குக்கும் ‘தொப்’புக்கும் நடுவில் ஏழெட்டுச் சத்தங்கள் உண்டு என்பார். “இது இன்னும் ஆறு மாசம் தாங்கும், இப்ப வெட்டாதே” என்று அவர் சொன்னால் சரியாக ஏழாவது மாதம் அது பொத்துக்கொள்ளும். பக்கத்துப் பணிமனைகளிலிருந்துகூட ஆள் அனுப்பி அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேண்டாம் என்ற வைராக்கியமெல்லாம் ஒன்றும் இல்லை. முதலில் அம்மாவின் நோய், அப்புறம் தங்கையின் கல்யாணம், அதற்கப்புறம் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்றே வயசு ஓடிவிட்டது. “பொண்ணு வந்து வாசல்ல நின்னப்போ எங்கண்ணன் வண்டிக்கு அடியில இருந்தாரு” என்று தங்கை சொல்லிச் சிரிப்பாள். பணிமனைக்குப் பின்னால் ஒரு கட்டிடத்தில், இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி வாங்கும் தேவை அவருக்கு வந்ததே இல்லை.

ஐம்பத்து இரண்டாவது வயதில் காது போக ஆரம்பித்தது.

அது ஒரே நாளில் போகவில்லை. முப்பது வருஷம் அந்தக் குழிக்குள் காற்று இயந்திரம் இரைந்தது. துருவை உதிர்க்கிற காற்று உளி தலைக்கு ஒரு முழம் மேலே கடகடத்தது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லி யாரோ ஒருதரம் சொன்னார்கள். காதை அடைத்துக்கொண்டு இரும்பு பேசுவதை எப்படிக் கேட்பது என்று அவர் சிரித்துவிட்டார். முதலில் போனது மெல்லிய, உயர்ந்த சத்தங்கள். தொலைதூர வண்டி ஓட்டுகிற ஒருவர் இருந்தார். எப்போதும் சீட்டியடித்துக்கொண்டே வருவதால் அவருக்கு விசில் டிரைவர் என்று பெயர். ஒருநாள் அவர் உதட்டைக் குவித்தபடி எதிரே வர, சத்தம் மட்டும் வரவில்லை. “என்னப்பா, இன்னிக்கு விசில் காணோம்?” என்று கேட்டார் தட்டுக்காரர். டிரைவர் விழித்தார். “அடிச்சுக்கிட்டுத்தானே வரேன்!” அடுத்த மாதம் குக்கர் எத்தனை முறை கத்தியதோ தெரியாது, தீய்ந்த வாடை வந்தபிறகுதான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார்.

அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. காது போன தட்டுக்காரருக்குக் குழியில் என்ன வேலை? சத்தம் போன இடத்தில் கையை வைத்துப் பழகினார். இடது உள்ளங்கையை இரும்பில் ஒட்டிவைத்துக்கொண்டு வலது கையால் தட்டுவார். நல்ல இரும்பில் சுத்தியல் துள்ளித் திரும்பும். அரித்த இரும்பில் சோம்பலாக விழும். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் வட்டம் போட்டார். ஃபோர்மேன், அவரைவிடப் பத்து வயசு இளையவர், ஒருநாள் குழி விளிம்பில் குந்தி உட்கார்ந்து கத்தினார்.

“அண்ணே, வர வர வட்டம் ஜாஸ்தியாயிட்டே போகுதே! வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு. எல்லாத்தையும் வெட்டிட்டா எதுல ஜனங்க ஏறும்?”

ஆண் குரல், பக்கத்தில் நின்று கத்தினால், அப்போது அவருக்குப் பாதி கேட்டது. “உப்புக்காத்து ஜாஸ்தியாயிடுச்சு சார்” என்று சமாளித்தார்.

இரும்பைச் சமாளித்துவிட்டார். தங்கையைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

தங்கை ஆறு மணிநேரப் பயணத் தூரத்தில், வேறோர் ஊரில் இருந்தாள். கணவனும் ஒரே மகளும். அண்ணனுக்கு அவளை விட்டால் வேறு நாதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவளுடைய போன் வரும். கல்யாணமான நாளிலிருந்து அது மாறியதில்லை. அவளுக்குக் கீச்சுக் குரல். முதலில் இடது காதிலிருந்து போனை வலது காதுக்கு மாற்றினார். பிறகு வலது காதிலும் அவள் பேச்சு, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஏற்ற இறக்கமாக மட்டும் வந்தது, வார்த்தை வரவில்லை.

ஆனால் தங்கையின் பேச்சு அவருக்குப் பழகின பாதை. எங்கே வளைவு, எங்கே நிறுத்தம் என்று தெரியும். முதலில் சாப்பிட்டாயா. அடுத்து அவளுடைய முழங்கால். அடுத்து மகளுடைய படிப்பு, வேலை. கடைசியில் கணவரின் உடம்பு. அதற்கு ஏற்றாற்போல் “ஆச்சும்மா”, “தைலம் தேச்சுக்கோ”, “அவ கெட்டிக்காரி, வந்துடுவா”, “சரிம்மா, பாத்துக்கலாம்” என்று வரிசையாகச் சொல்லி வந்தார். நடுவில் அவள் நிறுத்தினால் ஒரு “ம்”. கேள்வி மாதிரி குரல் உயர்ந்தால் ஒரு “சரி”. இப்படியே ஐந்து வருஷம் ஓடியது.

நேரில் போனால் குட்டு உடைந்துவிடும் என்று போவதையும் குறைத்துக்கொண்டார். மருமகள், அதாவது தங்கை மகள், பட்டம் வாங்கிய விருந்துக்குப் போனதுதான் கடைசி. அந்தக் கூட்டத்தில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. அதனால் அவர் தப்பித்தார். அதுவும் ஆகி மூன்று வருஷம்.

தங்கையிடமாவது சொல்லியிருக்கலாம். பலதரம் சொல்ல நினைத்தார். சொல்லிவிட்டால் அவள் போன் செய்வதை நிறுத்திவிடுவாளோ என்ற பயம்தான். கேட்காத காதில் யார் பேசுவார்கள்? வார்த்தை புரியாவிட்டாலும் வாரத்தில் அந்த இருபது நிமிஷம், அவளுடைய குரல் என்று ஒன்று காதோரம் அசைந்துகொண்டிருந்தது. அதையும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

ஒருதரம் அவளுடைய போன் செவ்வாய்க்கிழமை வந்தது. சட்டைப் பையில் அது அதிர்ந்தபோது அவர் குழியிலிருந்து அப்போதுதான் ஏறியிருந்தார். செவ்வாய்க்கிழமை தங்கையின் எண்ணைக் கண்டதும் அவருக்கு ஒன்றுதான் தோன்றியது. மருமகள் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். பதில் எப்போது வரும் என்று குடும்பமே வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தது. இது அவருக்கு எப்படித் தெரியும் என்றால், மருமகளே பொங்கல் வாழ்த்து அட்டையில் இரண்டு வரி எழுதியிருந்தாள்.

காதில் வைத்தார். தங்கையின் குரல் ஏறி ஏறி இறங்கியது. நடுவில் மூச்சு வாங்கி, மறுபடியும் ஏறியது. சந்தோஷம் தாங்காமல் சிரிக்கிறாள் என்று நினைத்தார். அவரும் சிரித்தார்.

“ரொம்ப சந்தோஷம்மா! எப்பவோ நடக்க வேண்டியது, இப்பவாவது நடந்துச்சே. இனி உனக்கு ஒரு குறையும் இல்ல. எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் குடு.”

மறுமுனையில் குரல் நின்றது. அவர் “ஹலோ, ஹலோ” என்றார். போனைப் பார்த்தால் திரை அணைந்திருந்தது.

அன்று மாலை அவர் ஒரு கிலோ இனிப்பு வாங்கி வந்து பணிமனையில் எல்லாருக்கும் கொடுத்தார். அந்த மனுஷன் எதற்காகவும் இனிப்பு கொடுத்து யாரும் பார்த்ததில்லை. “மருமகளுக்கு வேலை கிடைச்சிடுச்சு” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஃபோர்மேன் இரண்டு எடுத்துக்கொண்டார். விசில் டிரைவர் வீட்டுக்கும் சேர்த்து நாலு.

அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்குப் போன் வரவில்லை. புது வேலை, அலைச்சல் என்று எண்ணிக்கொண்டார். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு அவரே கூப்பிட்டார். எதிர்முனையில் எடுத்தார்களா இல்லையா என்பது அவருக்குத் திரையில் நொடி எண்கள் ஓடுவதை வைத்துத்தான் தெரியும். எண்கள் ஓடவே இல்லை. நாலைந்து முறைக்குப் பிறகு ஒருதரம் ஓடின. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அதோடு நின்றுவிட்டன.

ஏதோ மனஸ்தாபம். என்ன என்றுதான் புரியவில்லை. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு உதவும் என்று நல்லதாக ஒரு தோள்பை வாங்கி, காகிதம் சுற்றி, அந்த ஊருக்குப் போகும் விசில் டிரைவரிடம் கொடுத்து, விலாசமும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் அவர் குழிக்குள் ஒரு வண்டியின் பின் சக்கரத்துக்கு மேலே தட்டிக்கொண்டிருந்தார். யாரோ தோளைத் தொட்டார்கள். விசில் டிரைவர் குழிப்படியில் இறங்கி நின்றுகொண்டிருந்தார். கையில் அதே பை, காகிதம்கூடப் பிரிக்காமல். டிரைவரின் வாய் அசைந்தது. பக்கத்துக் குழியில் காற்று உளி ஓடிக்கொண்டிருந்தது.

“ம்” என்றார் தட்டுக்காரர், பழக்கத்தில்.

டிரைவர் மறுபடியும் சொன்னார்.

“சரி சரி” என்றார் இவர்.

டிரைவரின் முகம் மாறிப்போயிற்று. பேய் அறைந்த மாதிரி இவரையே பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் தட்டுக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“எனக்குக் காது கேக்காதுப்பா” என்றார். “ரொம்ப நாளாவே கேக்காது. என்னன்னு எழுதிக் காட்டு.”

ஐந்து வருஷம் பொத்திப் பொத்தி வைத்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

டிரைவர் இன்னும் ஒரு படி இறங்கினார். பிறகு இவருடைய சட்டைப் பையிலிருந்தே ஒரு சாக்பீஸை எடுத்து, குழிச் சுவரில், எண்ணெய்க் கறைக்கு நடுவில் எழுதினார்.

‘தங்கச்சி வீட்டுக்காரர் செத்து இருபத்தஞ்சு நாள் ஆச்சு.’

தட்டுக்காரர் அதை வாசித்தார். விரலை மடக்கி மடக்கி நாள் எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை அந்தச் செவ்வாய்க்கிழமையில் போய் நின்றது. குழிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் முதல் பேருந்தில் ஏறினார். அவருடைய பணிமனை வண்டிதான். பின் சக்கரத்துக்கு மேல் இருக்கை. ஆறு மணிநேரமும் என்ன சொல்வது என்று யோசித்தார். யோசித்ததெல்லாம் இறங்கும்போது மறந்துபோயிற்று.

கதவைத் திறந்தது தங்கைதான். மூன்று வருஷத்தில் பாதியாகிப் போயிருந்தாள். அவரைப் பார்த்தாள். கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே நடந்தாள். சுவரில் மாப்பிள்ளையின் படம். அறையில் ஒரு கட்டிலின் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். மருமகள் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் இருந்தது கோபமா வெறுப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“எனக்குக் காது கேக்காதும்மா” என்றார் அவளிடம். “அஞ்சு வருஷமா. அன்னிக்கு உனக்கு வேலை கிடைச்சதுன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.”

மருமகள் அம்மாவைப் பார்த்தாள். தங்கை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள், திரும்பி, மெதுவாக நடந்து அவருக்குப் பின்னால் போனாள். அவர் திரும்பவில்லை. அவள் அங்கே நிற்கிறாள் என்று தெரியும். என்ன செய்கிறாள் என்று தெரியாது. எதிரே நின்ற மருமகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் திடுக்கிட்டது. கட்டியிருந்த கைகள் தானாகப் பிரிந்தன. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

தங்கை பின்னால் நின்று அவரை என்ன சொல்லித் திட்டினாள், அல்லது என்ன சொல்லி அழுதாள் என்பதை இன்றுவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிறகு அவள் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

“ஏண்ணா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ போன் பண்ண மாட்டியோன்னு...”

“அப்போ அஞ்சு வருஷமா நான் யார்கிட்டண்ணா பேசிட்டிருந்தேன்?”

மருமகள் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தாள். அம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அப்போதுதான் தட்டுக்காரருக்கு, தான் எதற்கெல்லாம் சரி என்று சொல்லியிருக்கிறோம் என்பது தெரிந்தது. மாப்பிள்ளைக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே அவள் சொல்லியிருந்தாள், ‘பாத்துக்கலாம்’ என்றிருந்தார். ஆஸ்பத்திரியில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, நாலு நாள் வந்து கூட இரு என்று மூன்று முறை கேட்டிருந்தாள். மூன்று முறையும் ‘சரிம்மா’ என்றிருந்தார், வரவில்லை. கணவனைக் கோபத்தில் ஒருநாள் கடுமையாகப் பேசிவிட்டதை, வேறு யாரிடமும் சொல்ல முடியாததை, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லி அழுதிருந்தாள். அதற்கு அவர் ‘தைலம் தேச்சுக்கோ’ என்றிருந்தார்.

அந்த வரியை எழுதும்போது மருமகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. தங்கை சிரிக்கவில்லை.

இரண்டு நாள் இருந்தார். கூடமாட ஒத்தாசை செய்ய ஒன்றும் இல்லை. தங்கை சாப்பாடு போட்டாள், கூட உட்கார்ந்து சாப்பிடவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். “டாக்டரப் போய்ப் பாருண்ணா” என்றாள். அவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் அவர் நேராக ஃபோர்மேன் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஃபோர்மேன் மேசைமேல் இருந்த கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். தட்டுக்காரர் பார்த்து அனுப்பிய வண்டிகள் அத்தனையும் திரும்பக் குழிக்கு வந்தன. இரண்டு பேர் மாற்றி மாற்றி ஒரு மாதம் தட்டினார்கள். எண்பத்து மூன்று வண்டிகளில் அவர் எதையும் விடவில்லை. ஒன்றில் விட்டிருந்தார். பின்படிக்குக் கீழே, இரண்டு தகடு சேரும் மூலையில், தண்ணீர் வடியும் துளை சேற்றால் அடைபட்டு, உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு இரும்பே இல்லை. பூச்சுதான் அந்த இடத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் அவரைக் கூப்பிட்டு விளக்கடித்துக் காட்டினார். தட்டுக்காரர் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பின்படியில் தினமும் எத்தனை பேர் ஏறி இறங்கியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்.

வேலையிலிருந்து நிறுத்தவில்லை. சுத்தியலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அவரைப் பூச்சுப் பக்கம் மாற்றினார்கள். நீளக் குழாயைச் சட்டங்களின் துளைக்குள் நுழைத்து, உள்ளே துரு பிடிக்காதபடி காயாத மெழுகைப் பீய்ச்சுவது. முகமூடி போட்டுக்கொண்டு செய்கிற வேலை. அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. டாக்டர் ஒரு காதுக்கருவி கொடுத்தார். அதை மாட்டினால் உலகத்துச் சத்தம் முழுக்கத் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி இருந்தது. பேச்சு கொஞ்சம் பிடிபட்டது, போன் பிடிபடவில்லை. வேலை நேரத்தில் கழற்றிவைத்துவிடுவார். அப்போது முன்னைவிட அமைதியாக இருந்தது.

தங்கைக்குக் கடிதம் எழுதினார். அந்த ஐந்து வருஷத்தில் சொன்னதையெல்லாம் ஒருதரம் எழுது, இப்போதாவது படிக்கிறேன் என்று கேட்டார். ஒன்றரை மாதம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது.

‘அதெல்லாம் திரும்பச் சொல்ல முடியாது அண்ணா. சொல்லும்போது ஆறின மாதிரி இருந்தது, அது போதும். உடம்பைப் பார்த்துக்கொள்.’

அந்த மூன்று வரியை அவர் எத்தனை முறை படித்திருப்பார் என்று கணக்கில்லை. மாதாமாதம் எழுதினார். பதில் சிலசமயம் வந்தது, பலசமயம் வரவில்லை. மருமகளுக்கு நிஜமாகவே வேலை கிடைத்து அவள் வெளியூர் போய்விட்டாள் என்பதை ஒரு கடிதத்தில் அறிந்தார். தங்கையும் இப்போது வீட்டில் தனியாள்தான். வந்து என்னோடு இரு என்று அவளும் எழுதவில்லை, இவரும் எழுதவில்லை.

மழைக்காலம் முடிந்தபோது வந்த கடிதத்தில் முதல்முறையாக அவள் ஒன்று கேட்டிருந்தாள். வாசல் இரும்புக் கதவு கீழ்ப்பக்கம் துருப்பிடித்துப் பொரிந்து வருகிறது, என்ன அடிக்கலாம்?

தட்டுக்காரர் அன்று வேலை முடிந்து வந்து, ஒற்றை நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, நாலு பக்கம் எழுதினார். பழைய பெயின்ட்மேல் அப்படியே அடிக்காதே. கம்பி பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய். கைக்கு உறை போட்டுக்கொள். தேய்த்த அன்றே செம்பூச்சு அடித்துவிடு, ராத்திரி பனியில் விட்டால் விடிவதற்குள் மறுபடி பிடித்துக்கொள்ளும். கதவின் அடிக்குழாயில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கும், ஆணியால் குத்தி அடைப்பை எடு. கறுப்பு எனாமல் இரண்டு தடவை அடி, நடுவில் ஒருநாள் காய விடு. கீல் பக்கம் கிரீஸ். கதவின் படம் ஒன்று வரைந்து, எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று வட்டம் போட்டுக் காட்டினார். முழங்காலை மடக்கி உட்கார்ந்து செய்யாதே, ஸ்டூல் போட்டுக்கொள் என்று கடைசியில் சேர்த்தார்.

இரண்டு வாரத்தில் அஞ்சல் அட்டை வந்தது.

‘தேய்த்து அடித்தாச்சு. கறுப்பு கிடைக்கவில்லை, பச்சைதான் கடையில் இருந்தது. பரவாயில்லையா?’

பரவாயில்லை என்று அவர் அன்றைக்கே எழுதிப் போட்டார்.